பந்தின் மேல் மூலைமட்டம் பார்ப்பது எப்படி

புளியரையிலிருந்து ஆரியங்காவு தாண்டி, புனலூர்ப் பக்கம் வீடு கட்டும் வேலைக்குப் போகிறவன் நான். வானம் தோண்டும் முன் மூலைக்கு நூல் பிடிப்போம்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. வீட்டுக்காரர் மகன், கல்லூரியில் கணக்கு படிக்கிறவன், "அண்ணாச்சி, தரை தட்டையா இருந்தாத்தானே இது வரும்?" என்று கேட்டுவிட்டான். அவன் சொல்லித்தந்த சோதனைதான் இது.

ரப்பர் பந்து, நூல், பேனா, போஸ்ட் கார்டிலிருந்து வெட்டிய சின்ன மூலை ஒன்று. பூசணிக்காய் வேண்டாம், நூல் வரிப்பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், பட்டவன் சொல்கிறேன்.

எங்களுக்கு நேர்கோடு என்றால் விறைப்பாக இழுத்த நூல். பந்திலும் அதே சட்டம். உச்சியிலிருந்து நடுவயிறு வரை நூலை இழுத்துக் கோடு போடுங்கள். அங்கே அட்டை மூலையை வைத்துத் திரும்பி, நடுவயிற்றோடு சுற்றளவில் கால் பங்கு போங்கள். மறுபடி அட்டை மூலை, நேரே உச்சிக்கு. மூன்று மூலையிலும் அட்டை கச்சிதமாக உட்காரும். முக்கோணத்தின் மூன்று கோணத்தையும் கூட்டினால் 180 டிகிரி என்றார்கள் பள்ளிக்கூடத்தில், இங்கே 270.

நடுவயிற்றிலிருந்து ஒரே மாதிரி கிளம்பிய இரண்டு கோடும் உச்சியில் முட்டிக்கொண்டதைக் கவனியுங்கள். சரி, நடுவயிற்றுக்கு மேலே இணையாக ஒரு சுற்று சுற்றலாம் என்று நூலை இழுத்தால், வழுக்கி உச்சிப் பக்கம் கழன்றுவிடும். பந்தில் இணைகோடே கிடையாது.

ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியே அதற்கு ஒரே ஒரு இணைகோடுதான் போகும் என்பது இணைகோட்டு விதியின் சாரம். கிரேக்கக் கணக்கர் யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் அதை நிரூபிக்காமல்தான் வைத்தார். 1829இல் லோபசெவ்ஸ்கி, 1832இல் போல்யாய் என்ற கணித அறிஞர்கள், ஒரு புள்ளி வழியே பல இணைகோடுகள் போகும் வடிவியலையே கட்டிக் காட்டினார்கள். நம்மைச் சுற்றியுள்ள வெளி என்பது, செங்கல் அச்சு மாதிரி, நம் மனசு கொண்டுவரும் அச்சு என்றார் தத்துவ அறிஞர் காண்ட், 1781இல். அந்த வெளி எப்படிப்பட்டது என்று அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது 1854இல் கணித அறிஞர் ரீமான் சொன்னதன் சாரம். டேப் பிடிக்கிறவன் ரீமான் கட்சியில்தானே இருப்பான்.

இனி, அதே பந்தில் நகத்தளவு முக்கோணம் போட்டு அளங்கள். 180தான் காட்டும். பூமியிலும் அப்படியே: சுமார் 197 சதுர கிலோமீட்டர் முக்கோணம் போட்டால்தான் ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு கூடும். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்க, 1802இல் சென்னையில் முதல் அடிக்கோடு அளந்து கிளம்பிய லாம்டன் அந்த மிகுதியையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. 600 சதுர அடி வீட்டுக்கு என் நூல் பொய் சொல்லாது. சொன்னாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.