கூடுதல் வேலைக்குத் தலையாட்டும் முன்

கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். மெக்கானிக் போனில் அழைத்து, "இதையும் மாற்ற வேண்டும் சார்" என்பார். புதிதாகக் கார் வாங்கியவர் மறுமுனையில் "சரி, போட்டுவிடுங்கள்" என்பார். ஒரு காலத்தில் நானும் இப்படிச் சொன்னவன்தான். மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் நாம் செய்யும் வேறு சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஸ்கேனர் சொன்னதே தீர்ப்பு என்று நம்புவது

இன்ஜின் விளக்கு எரிகிறது. காரின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் பி0420 என்ற குறியீடு வருகிறது. "கேட்டலிடிக் கன்வர்ட்டர் போய்விட்டது" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். இன்ஜின் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம் அது. காரில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் கன்வர்ட்டர் எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்று கணினி சந்தேகிக்கிறது, அவ்வளவுதான் அந்தக் குறியீட்டுக்குப் பொருள். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரை நம்பித்தான் அந்தச் சந்தேகமே எழுகிறது. சென்சார் பழுதாகியிருக்கலாம். புகைக்குழாய் இணைப்பில் கசிவு ஏற்பட்டு வெளிக்காற்று உள்ளே புகுந்திருக்கலாம். கன்வர்ட்டரே கெட்டிருந்தாலும், மிஸ்ஃபயரால், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றிக்கொள்ளாததால், எரியாத பெட்ரோல் உள்ளே போய் அதைச் சூடேற்றி அழித்திருக்கலாம். அந்த மூலக் கோளாறைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தினால் அதற்கும் அதே கதிதான்.

நண்பர் ஒருவர் கேள்வி கேட்காமல் மாற்றினார். சில வாரங்களில் அதே விளக்கு, அதே குறியீடு. வேறொரு மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார்: புகைக்குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டைச் சுற்றி, கசிவின் அடையாளமாகக் கரிக்கோடு படிந்திருந்தது. ஒரு கேஸ்கட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை! கழற்றிய பழைய கன்வர்ட்டரையும் முதல் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியத்துக்காகவே அதை விலை கொடுத்து வாங்க ஆள் உண்டு. இன்றுவரை இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, அவருக்கு வருவதில்லை.

"எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கசிவைப் பார்த்தேன், பின்பக்கச் சென்சாரின் வோல்டேஜ் நிலையாக இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா என்று கவனித்தேன் என்பார். "அனுபவத்தில் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் வந்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

அளவு கேட்காமல் ஒப்புக்கொள்வது

"பிரேக் பேட் தேய்ந்துவிட்டது" என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். 3 மி.மீ. அளவில் நின்றால் மாற்றுங்கள். 6 என்றால் இன்னும் ஓட்டலாம். பேட்டரியும் அப்படித்தான்: ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுவது முழுச் சார்ஜில் இருக்கிறது. ஆனால் லோடு கொடுத்து, அதாவது மின்சாரத்தை இழுக்கவைத்து, சோதித்தால்தான் அதன் உண்மையான தெம்பு தெரியும்.

எதைச் சொன்னாலும் ஏமாற்று என்று மறுப்பது

இது எதிர்முனைத் தவறு. வால்வுகளும் பிஸ்டன்களும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், திடீரென்று அறுந்துவிடும். பல இன்ஜின்களில் அந்த நொடியிலேயே வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். கையேட்டில் சொன்ன கெடு வந்துவிட்டால் பேரம் பேசாதீர்கள்.

இன்ஜின் ஃப்ளஷ்

ஒரு திரவத்தை ஊற்றி இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் வேலை இது. கையேட்டில் இல்லையா? வேண்டாம்.

குறியீட்டை அழித்துவிட்டு இன்னொரு மெக்கானிக்கிடம் போவது

கோளாறு பதிவான நேரத்தில் இன்ஜின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துபோகும். முதலில் ஸ்கேனர் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.