நரம்பிணைப்பு உருவாவதை வரைந்து படிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். ஒரு நரம்புக்கலம் இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் இடமான நரம்பிணைப்பை வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் முடிந்த படத்தையே வரைகிறார்கள்: ஒரு குமிழ், ஓர் இடைவெளி, எதிரே ஒரு சவ்வு. இவை எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்று கேட்டால் கொப்பியில் பதில் இருக்காது. வளரும் மூளை விளங்க வேண்டுமானால், படமும் தாளில் படிப்படியாக வளர வேண்டும். பேனை வேண்டாம், பென்சிலும் அழிறப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு நரம்புக்கலத்தை வரையுங்கள். இடது கலத்திலிருந்து, செய்தியை வெளியே கொண்டுசெல்லும் நீண்ட இழையான ஆக்சானை நீட்டி, அதன் நுனியில் வழிதேடி வளரும் பகுதியான வளர்கூம்பைப் போடுங்கள். கோழிக்கருவின் முண்ணாணில் இதைக் கண்டு 1890இல் விவரித்தவர் ஸ்பானிய நரம்பியலாளர் கஹால். வளர்கூம்பின் மெல்லிய நீட்சிகள் நீள்வதும் சுருங்குவதுமாக இரசாயனச் சைகைகளைத் தேடுகின்றன. சில சைகைகள் ஈர்க்கும், சில விலக்கும். ஆகவே ஆக்சானுக்கு அடிமட்டம் வைக்காதீர்கள், அது வளைந்து வளைந்தே போகட்டும்.

வலது கலம் சும்மா காத்திருப்பதில்லை. செய்தியை வாங்கும் அதன் கிளையான டென்ட்ரைட்டிலிருந்தும் நுண்ணிய நீட்சிகளை ஆக்சானை நோக்கி வரையுங்கள்.

இரண்டும் நெருங்கும் இடத்தில் நிதானியுங்கள். ஆக்சான் பக்கத்தில் நியூரெக்சின், எதிர்ப்பக்கத்தில் நியூரோலிஜின்: இந்தப் புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதன்பிறகே ஆக்சான் பக்கம், செய்தியைக் கடத்தும் இரசாயனமான நரம்புக்கடத்தி நிறைந்த சிறு பைகளும், எதிர்ப்பக்கம் அதைப் பற்றும் வாங்கிகளும் வந்து குவிகின்றன. இரு சவ்வுகளையும் ஒட்டிவிடாதீர்கள். இடைவெளி சுமார் 20 நனோமீற்றர், 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தாளில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

செய்தி பாய்வதால்தான் இணைப்பு உண்டாகிறது என்று எழுதும் பிள்ளைகளை இங்கே நிறுத்துவேன். 2000ஆம் ஆண்டில் வெளியான சுண்டெலி ஆய்வொன்றில், மன்க்18-1 என்ற புரதம் இல்லாத மூளையில் நரம்புக்கடத்தி சுரக்கவே இல்லை. ஆனாலும் இணைப்புகள் அமைந்தன. அவற்றைத் தாங்கிய கலங்கள் பின்னர்தான் அழிந்தன. அமைவதற்கு வேண்டியது ஒன்று, நிலைப்பதற்கு வேண்டியது வேறொன்று. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி அதே டென்ட்ரைட்டில் வேறு கலங்களின் ஆக்சான்களையும் கொண்டுவந்து இணையுங்கள். படம் நெருக்கமானதும் அழிறப்பரை எடுங்கள். தொழிற்பாடு குறைந்த இணைப்புகள் பல நீக்கப்படுகின்றன. மைக்ரோகிளியா என்னும் மூளையின் துப்புரவுக் கலங்கள் அவற்றை விழுங்குகின்றன. எஞ்சியவற்றைத் தடிப்பாக்குங்கள்.

“டீச்சர், அழிந்தால் மறதி வந்துவிடாதா?” என்று கேட்பார்கள். வராது, இது வளர்ச்சியின் பகுதி. மனித மூளையின் நெற்றிப்பக்க மேற்படையான நுதற்பகுதிப் புறணியில் இணைப்புகளின் அடர்த்தி ஒன்று முதல் இரண்டு வயதில் உச்சத்தை அடைந்து, வளர்ந்தவர்களுடையதை விட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக இருக்கும் என்றும், 16 வயது வரை குறையும் என்றும் நரம்பியல் மருத்துவர் ஹட்டன்லோக்கர் 1979இல் எழுதினார். பார்வைப் புறணியிலோ உச்சம் முதலாவது வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே படத்தின் கீழ் வயதை மட்டும் எழுதாதீர்கள். மூளையின் எந்தப் பகுதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.