முட்டை போட்டால் குஞ்சு வந்துவிடுமா? கலப்பினம் பற்றி நாம் செய்யும் தவறுகள்

சென்னை கொளத்தூர் கலர் மீன் கடைகளில் பேரட் மீன் இல்லாத கடை அபூர்வம். ஆரஞ்சு நிறம், உருண்டை உடம்பு, முழுசாக மூடாத வாய். ‘நல்ல ஜோடி, கட்டாயம் குஞ்சு கிடைக்கும்’ என்று சொல்லித்தான் எனக்கும் ஒரு கடையில் கொடுத்தார்கள். முட்டை போட்டது. இரண்டும் பக்கத்தில் எதையும் அண்டவிடாமல் காவல் காத்தன. இரண்டாம் நாளே முட்டையெல்லாம் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. நான் தண்ணீரைச் சந்தேகப்பட்டு மருந்து வாங்கி ஊற்றினேன். அது தேவையே இல்லை. பேரட் மீன் ஆற்றிலோ ஏரியிலோ பிடித்ததல்ல, கலப்பினம். 1980களில் தைவானில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் வேறு வேறு இனங்களைச் சேர்த்து உண்டாக்கியது. அதில் ஆண்கள் பெரும்பாலும் மலடு. இணை சேர்வது, முட்டையிடுவது, குஞ்சு பொரிப்பது, அந்தக் குஞ்சு வளர்ந்து இனம் பெருக்குவது எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். எந்தக் கட்டத்திலும் நின்றுபோகலாம்.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் கலப்பினம் எல்லாமே மலடுதான்’ என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. கோவேறு கழுதையைப் பள்ளியில் படித்ததன் விளைவு இது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, குட்டிக்கு 63. ஒற்றைப்படையில் ஜோடி சரியாகச் சேராததால் விந்தணுவோ கருமுட்டையோ ஒழுங்காக உருவாவதில்லை. ஆனால் ஓநாய்க்கும் நாய்க்கும் 78தான். அவற்றின் குட்டிகள் தாராளமாக ஈனும். ஆண் சிங்கத்துக்கும் பெண் புலிக்கும் பிறக்கும் லைகரில் ஆண் மலடு, பெண் குட்டி போட்டதுண்டு. பாலூட்டிகளில் கலப்பு முதலில் ஆணைத்தான் பாதிக்கும் என்பதை உயிரியலாளர் ஹால்டேன் 1922இலேயே விதியாக எழுதிவைத்தார். மீனானாலும் பெண் பேரட்டும் பெண் லைகர் போலத்தான்: கான்விக்ட் என்ற வேறொரு சிக்லிட் ஆணோடு விட்டால் குஞ்சு பொரிக்கும்.

ராஜபாளையத்தையும் லாப்ரடாரையும் சேர்ப்பதைக் கலப்பினம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் நாய்தான். பூனைக்கும் முயலுக்கும் பிறந்தது என்று வரும் வீடியோக்களை அப்படியே தள்ளிவிடுங்கள். அவ்வளவு தூரத்து உறவில் கரு உண்டாகாது.

எனக்கு மனம் பொறுக்காத தவறு ஒன்று உண்டு. ஃபிளவர்ஹார்ன் என்ற இன்னொரு கலப்பின மீன் பெரிதாகித் தொட்டி போதவில்லை என்றதும், ‘கலப்பினம்தானே, பெருகாது’ என்று ரெட்டேரியில் விடலாம் என நினைப்பது. பெருகும். 1990களில் மலேசியாவில் உருவான அந்த மீன், இந்தோனேசியாவின் மத்தானோ ஏரியில் விடப்பட்டு, உலகில் வேறெங்கும் இல்லாத மீன்களுக்கு எமனாகிவிட்டது. நம் ஏரிகளில் கெண்டையும் கெளுத்தியும் இருக்கின்றன. வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். திரும்ப எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.