மல்லி, வேர்க்கொம்பு சேர்த்துக் கோப்பித்தூள் இடிக்கும் விதம்

இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டில் கோப்பி என்றால் மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) சேர்த்து இடித்த தூள்தான். அம்மம்மா கைப்பிடிக் கணக்கில் போட்டதை நான் நிறுத்து எழுதி வைத்திருக்கிறேன். பச்சைக் கோப்பிக்கொட்டை 500 கிராம், மல்லி 100 கிராம், வேர்க்கொம்பு 25 கிராம். செங்கலடிப் பக்கம் போனால் கொட்டை வாங்கி வருவேன், மலையகத்திலிருந்து பதுளை வீதியால் இறங்கி வருவது. 1869இல் இலைத்துரு நோய் வந்து மலையகத்துக் கோப்பித் தோட்டங்கள் அழிந்தாலும், அங்கே வீட்டு வளவுகளில் கோப்பி இன்னும் காய்க்கிறது.

தாச்சியில் முதலில் கொட்டையை மட்டும் போட்டு, நடுத்தர நெருப்பில் கை விடாமல் கிண்டுங்கள். 20 நிமிடமாவது வேண்டும். பச்சை மஞ்சளாகும், மண்ணிறமாகும், பிறகு படபடவென்று வெடிக்கும். வெடி அடங்கிக் கறுக்கத் தொடங்கியதும் சுளகில் கொட்டிப் பரப்புங்கள். தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். மல்லியைத் தனியாகத்தான் வறுக்க வேண்டும். நான் முதல்முறை இரண்டையும் ஒன்றாகப் போட்டு, மல்லி கருகி, முழுத்தூளும் கசந்துபோனது. வேர்க்கொம்பைத் தட்டி உடைத்து, சூடு காட்டினால் போதும்.

எல்லாம் நன்றாக ஆறியபின் இடித்து அரிதட்டில் அரித்து, ஈரமில்லாத போத்தலில் அடையுங்கள். உரல் இல்லாவிட்டால் கிரைண்டரில் விட்டுவிட்டு அரையுங்கள், சூடேறினால் மணம் போய்விடும்.

ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி தூள். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி, மண்டி அடியில் படிந்ததும் மெதுவாக வடியுங்கள். பால் வேண்டாம், மல்லி மணத்தை அது அமுக்கிவிடும். சீனியைவிடப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

சவூதியில் ஒரு வீட்டில் நாலு வருடம் வேலை செய்தேன். அங்கே கஹ்வா என்கிற அரபுக் கோப்பிக்குக் கொட்டையை இளம் நிறத்திலேயே இறக்கி, ஏலக்காய் போட்டுக் காய்ச்சி, சீனியில்லாமல் பேரீச்சம்பழத்தோடு கொடுப்பார்கள். முதல் நாள் விருந்தாளிக்கு நம் வழக்கப்படி விளிம்பு வரை ஊற்றிவிட்டேன். வீட்டுக்கார அம்மா பதறிப்போய்க் கோப்பையை வாங்கினார். அங்கே நிறைத்துக் கொடுத்தால் "குடித்துவிட்டுக் கிளம்புங்கள்" என்று பொருளாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். போதுமென்றால் கோப்பையை அசைத்துக் காட்டுவார்கள். நம் பக்கத்தில் அரைக் கோப்பை கொடுத்துப் பாருங்கள், மனம் நோகும்.

காத்தான்குடியிலிருந்து வரும் என் தோழியும் சவூதியில் இருந்தவள். அவள் வந்தால் இந்தத் தூளோடு ஏலக்காய் இரண்டு தட்டிப் போடுவேன். அவளுக்கு மட்டும் சின்னக் கோப்பையில், அரைவாசி.