குவாலிட்டேட்டிவ் ரிசர்ச் கத்துக்கணுமா, முதல்ல ஒரே ஒரு பேட்டி எடுங்க

எம்.ஏ., பிஎச்டி பண்ற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது, குவாலிட்டேட்டிவ் மெத்தட்ஸ், அதாவது எண்ணிக்கைய வச்சு இல்லாம ஆளுங்க பேசுறத, பண்றத வச்சு ஆய்வு பண்ற முறைகள கத்துக்க எந்த புக்க முதல்ல படிக்கிறதுன்னு. புக்க அப்புறம் பாத்துக்கலாம். இந்த வாரமே ஒரே ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் பேட்டி எடுத்து அதை நீங்களே உக்காந்து டைப் அடிங்க, அதுக்கப்புறம் மெத்தடாலஜி புக்க திறந்தீங்கன்னா அதுல இருக்குறது எல்லாம் நீங்க பட்ட கஷ்டத்தப் பத்திதான்னு தெரியும், சட்டுன்னு மண்டையில ஏறும்.

சொந்தக்காரங்க வேணாம், பாதி விஷயம் ஏற்கனவே தெரியும்னு கேக்காமலே விட்டுருவோம். எதுக்காக கேக்குறீங்க, பேர் எங்கயும் வராது, பிடிக்கலைன்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம், ரெக்கார்டர் போடலாமா, இதையெல்லாம் பேச்சுத் தமிழ்ல வாயால சொல்லி சம்மதம் வாங்குங்க. இங்கிலீஷ் ஃபார்ம நீட்டி கையெழுத்து கேட்டா, லோன் பேப்பரோன்னு பயந்துட்டு அளந்து அளந்துதான் பேசுவாங்க. வாய்ச் சம்மதம் போதுமான்னு மட்டும் உங்க கைடுகிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

கேள்விக்கு வருவோம். "ஏன்"னு ஆரம்பிக்காதீங்க. "ஏன் நூறு நாள் வேலைக்கு போறீங்க"ன்னா "காசுக்குத்தான்"னு ஒரே வார்த்தையில முடிஞ்சிரும், குத்தம் கண்டுபிடிக்கிற மாதிரியும் இருக்கும். "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கக்கா"ன்னு கேட்டுப் பாருங்க, வேலை, சமையல், சண்டை, கடன் எல்லாம் அதுபாட்டுக்கு வரும். அவங்க நிறுத்தினா நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்க, ஒரு அஞ்சு செகண்ட் பொறுத்தா பெரும்பாலும் அவங்களே தொடருவாங்க.

சும்மான்னதும் ஞாபகம் வருது. நிலக்கோட்டை பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில ஒரு அக்காகிட்ட பேசிட்டு இருந்தேன், என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டதுக்கு "சும்மாதான் இருக்கேன்"னாங்க, நானும் வேலை இல்லைன்னு எழுதிட்டேன். ஆனா அதைச் சொல்லும்போது அவங்க மடியில ஒரு முறத்துல மல்லிகை, கை ரெண்டும் நிக்காம நார்ல பூவை வச்சு வச்சு முடிஞ்சு போட்டுக்கிட்டே இருந்துச்சு, அந்தப் பூ கடைக்காரர் காலையில குடுத்துட்டுப் போன கூலிப்பூ. ராத்திரி நோட்ஸ் எழுதும்போதுதான் அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்துச்சு, ரெக்கார்டிங்ல அது இல்லவே இல்ல. அதனால ஃபீல்ட் நோட்ஸ அன்னைக்கு ராத்திரியே எழுதுங்க, தூங்கி எந்திரிச்சா பாதி போயிரும், காதுல கேட்டது மட்டும் இல்லாம கண்ணுல பட்டது, யார் குறுக்க வந்தாங்க, யார் வந்ததும் பேச்சு மாறுச்சுன்னு எல்லாத்தையும்.

எழுதுனத ரெண்டு வேற வேற இடத்துல வச்சுக்கங்க. சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948ல மைசூர் பக்கம் ராம்புராங்கிற ஊர்ல தங்கி எடுத்த குறிப்புகள பல வருஷம் தொகுத்து வச்சிருந்தாரு, 1970 ஏப்ரல்ல ஸ்டான்ஃபோர்டுல அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வச்சதுல அந்த தொகுப்போட மூணு காப்பியும் போச்சு, மூணும் அங்கயேதான் இருந்துச்சு. அப்புறம் பெரும்பாலும் ஞாபகத்துல இருந்தேதான் அந்த ஊரப் பத்தி எழுதினாரு.

டைப் அடிக்கிறத வேற ஆளுக்கு காசு குடுத்து குடுக்காதீங்க, முதல் பேட்டியவாவது. ஒரு மணி நேர ஆடியோவுக்கு அஞ்சாறு மணி நேரம் ஆகும், ஆகட்டும். சிரிப்பு, பெருமூச்சு, இழுத்த இழுப்பு எல்லாம் எழுதுங்க.

அப்புறம் கோடிங், அதாவது பேட்டியோட ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பத்தினதுன்னு ஒரு சின்னப் பேர் (கோட்) வைக்கிறது. இதுல நான் பிடிவாதமாவே சொல்வேன், தமிழ்ல எடுத்த பேட்டிக்கு தமிழ்லயே கோட் வைங்க. "சும்மாதான் இருக்கேன்"ங்கிறத அன்எம்ப்ளாய்டுன்னு மாத்துன நிமிஷமே அந்த அக்கா கட்டுன பூ எல்லாம் கணக்குல இருந்து போயிருது. "சும்மா"ங்கிறதையே ஒரு கோட்-ஆ வச்சு அடுத்த பேட்டிகள்ல யார் யார் அந்த வார்த்தைய சொல்றாங்க, அப்ப அவங்க கை என்ன பண்ணுதுன்னு தேடுங்க, கூலி வாங்குற பொம்பளையே அதை வேலைன்னு சொல்லாத காரணம் அங்கதான் கிடைக்கும். இங்கிலீஷ் கடைசியில தீசிஸ் எழுதும்போது போதும்.

முதல் தடவை பிரிண்ட் எடுத்து ஓரத்துல பென்சிலால எழுதுனாலே போதும், அப்புறமா டாகெட், குவால்கோடர்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. 2006ல பிரானும் கிளார்க்கும் எழுதின தீமேட்டிக் அனாலிசிஸ் கட்டுரை, கோட்கள சேத்து தீம், அதாவது பேட்டிகள்ல பொதுவா ஓடுற கருத்து, எப்படி உருவாக்குறதுன்னு ஆறு கட்டமா சொல்லிக் குடுக்கும், தீம் தானா வெளிய வராது நாமதான் உருவாக்குறோம்னும் அவங்க அழுத்திச் சொல்றாங்க, தீசிஸ்ல "தீம்ஸ் எமர்ஜ் ஆச்சு"ன்னு எழுதுறவங்க இத கவனிக்கணும்.

எத்தனை பேட்டி போதும்னு வைவாவுல, அதாவது தீசிஸ் வாய்மொழித் தேர்வுல கேப்பாங்க. கானா, நைஜீரியாவுல 60 பெண்கள்கிட்ட எடுத்த பேட்டிகள வச்சு 2006ல வந்த ஒரு கட்டுரை, முதல் 12லயே பெரும்பாலான விஷயம் வந்துருச்சுன்னு காட்டுச்சு. ஆனா அவங்க எல்லாம் ஓரளவு ஒரே மாதிரி ஆளுங்க, கேட்டதும் ஒரே கேள்விகள், அதனால அந்த 12அ எல்லா ஆய்வுக்கும் தூக்கி வச்சுராதீங்க.

டைப் அடிச்சது முடிஞ்சதும் நீங்க குறுக்க பேசின இடம், அவங்க ஒண்ணு சொல்ல வந்து நீங்க அடுத்த கேள்விக்குத் தாவின இடம் எல்லாத்துலயும் சிவப்பு பேனாவால கோடு போடுங்க. அதே ஆள்கிட்ட ரெண்டாவது தடவை போகும்போது கேக்க வேண்டியது அந்தக் கோடு போட்ட இடங்களத்தான்.