யூஸ்நெட் செய்திக்குழுக்கள்: முதலில் இலவச சர்வர், பிறகு சந்தா

யூஸ்நெட் என்பது தலைப்புவாரியாகப் பிரிந்த செய்திக்குழுக்களில் உலகெங்கும் உள்ளவர்கள் இடுகைகள் எழுதி உரையாடும் பழைய இணைய அமைப்பு. அதற்குப் புதிதாக வருபவர் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த நிறுவனத்தில் சந்தா கட்டலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். செய்திக்குழுக்களை வாசிக்கவும் எழுதவும் காசு தேவையில்லை. இலவச சர்வர் ஒன்றில் இரண்டு வாரம் புழங்கினால், சந்தா வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகை என்பது தானாகவே தெளிவாகிவிடும். இந்த விளக்கமும் அதே வரிசையில்தான் போகிறது.

எப்படி ஓடுகிறது

டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-இல் யோசித்து, 1980-இல் ஓடத் தொடங்கியது யூஸ்நெட். இணையதளங்களைப் போல இதற்கு ஒரு சொந்தக்காரரோ மையமோ கிடையாது. நீங்கள் இடும் இடுகையை உங்கள் சர்வர் வாங்கி, தன் அண்டை சர்வரிடம் "இது உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்கும். இல்லையென்றால் கொடுக்கும். அந்த சர்வர் தன் அண்டையிடம் அதையே கேட்கும். ஒவ்வொரு இடுகைக்கும் மெசேஜ்-ஐடி என்ற தனி அடையாளம் இருப்பதால், ஏற்கெனவே வந்தது மறுபடி வந்தால் சர்வர் வாங்காது.

இந்த அமைப்பிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த சர்வரில் சேர்ந்தாலும் உரையாடல் ஒன்றுதான். ஆகவே தவறான சர்வரில் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். இரண்டாவது, அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாது. இட்டதை நீக்கச் சொல்லும் கேன்சல் என்றொரு வசதி உண்டு, ஆனால் போலிக் கேன்சல்களால் அவதிப்பட்ட பல சர்வர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

குழுக்களின் பெயரை இடமிருந்து வலமாக, பொதுவிலிருந்து குறிப்பானதுக்கு வாசிக்க வேண்டும். காம்ப்.லாங்.சி என்றால் கணினி, அதில் நிரல்மொழி, அதில் சி. காம்ப், ஹியூமானிட்டீஸ், மிஸ்க், நியூஸ், ரெக், சை, சாக், டாக் ஆகிய எட்டும் முறைப்படி நிர்வகிக்கப்படும் பிரிவுகள். ஆல்ட் என்று தொடங்குபவை அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளவை. லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25-இல் முதலில் சொன்னது காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் குழுவில்தான்.

முன்பு கூகுள் குரூப்ஸ் வழியாக பிரௌசரிலேயே எழுத முடிந்தது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. பழைய இடுகைகளை அங்கே தேடலாம், புதியவை வராது. அந்த வழியாக வந்து கொட்டிய ஸ்பேமும் அதோடு நின்றது, குழுக்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆகவே இன்று உங்களுக்குத் தேவை இரண்டு: ஒரு சர்வர் கணக்கு, ஒரு நியூஸ்ரீடர் (குழுக்களை வாசிக்கவும் எழுதவும் உதவும் மென்பொருள்).

படி 1: இலவசக் கணக்கு

எடர்னல் செப்டம்பர் என்ற சேவையில் தொடங்குங்கள். எழுத்துக் குழுக்கள் மட்டுமே கிடைக்கும், பைனரி (கோப்புகளைப் பகிரும் குழுக்கள்) இல்லை. தளத்தில் பதிவுசெய்தால் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கிடைக்கும். (பெயர்க்காரணம்: முன்பெல்லாம் செப்டம்பர் தோறும் கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்கள் யூஸ்நெட்டில் நுழைந்து, சில வாரங்களில் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்வார்கள். வணிகச் சேவைகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்ட பிறகு புதியவர் வரத்து நிற்கவே இல்லை. 1993-இன் செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்பார்கள்.)

படி 2: தண்டர்பேர்டை அமைத்தல்

பேன், எஸ்எல்ஆர்என், டின், ஈமேக்ஸ் எடிட்டருக்குள் இயங்கும் க்னூஸ் என்று நல்ல நியூஸ்ரீடர்கள் பல உண்டு. மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே தண்டர்பேர்ட் வைத்திருப்பவர் அதிலேயே தொடங்கலாம்.

1. மெனு பாரில் ஃபைல், நியூ, நியூஸ்குரூப் அக்கவுண்ட் என்று போங்கள். மெனு பார் தெரியாவிட்டால் ஆல்ட் விசையைத் தட்டினால் வரும்.

2. பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். இவை உங்கள் ஒவ்வொரு இடுகையிலும் எல்லோர் கண்ணிலும் படும். உண்மை முகவரி கொடுக்க விருப்பமில்லையென்றால், முகவரியின் கடைசிப் பகுதி டாட் இன்வேலிட் என்று முடியட்டும். இதுபோன்ற தேவைக்காகவே ஒதுக்கப்பட்ட முடிவு அது. வாய்க்கு வந்த டொமைனைப் போட்டால், அது யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும். உங்களுக்கு வரவேண்டிய ஸ்பேம் அவருக்குப் போகும்.

3. சர்வர் பெயராக நியூஸ்.எடர்னல்-செப்டம்பர்.ஆர்க் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். முன்னால் எச்டிடிபி எல்லாம் வேண்டாம்.

4. கணக்கு உருவானபின் அக்கவுண்ட் செட்டிங்ஸுக்குள் சர்வர் செட்டிங்ஸைத் திறந்து, கனெக்‌ஷன் செக்யூரிட்டியை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று மாற்றுங்கள். போர்ட் 563 ஆக வேண்டும். 119 என்பது மறையாக்கம் இல்லாத போர்ட். அதில் கடவுச்சொல் அப்பட்டமாகப் போகும்.

5. அதே பக்கத்தில் "ஆல்வேஸ் ரிக்வெஸ்ட் ஆத்தென்டிகேஷன்" என்று தொடங்கும் பெட்டியைத் டிக் செய்யுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சர்வர் கேட்டால்தான் தண்டர்பேர்ட் கடவுச்சொல்லைக் கொடுக்கும். சில சர்வர்கள் கேட்பதில்லை. உள்நுழையாதவர் என்று எடுத்துக்கொண்டு ஒரு குட்டிப் பட்டியலைக் காட்டிவிடும். "நான்கைந்து குழுதான் தெரிகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

6. கம்போசிஷன் பகுதியில் எச்டிஎம்எல் வடிவத்தை நீக்குங்கள். பதில் மேற்கோளுக்குக் கீழே தொடங்கும்படி அமையுங்கள்.

படி 3: குழுக்களைச் சேர்த்தல்

கணக்கின் மேல் வலச்சொடுக்கி சப்ஸ்கிரைப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை பட்டியல் இறங்கச் சிறிது நேரமாகும், ஆயிரக்கணக்கில் குழுக்கள் உண்டு. அவற்றில் மிகப் பல வெறிச்சோடிக் கிடக்கின்றன. பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று சேர்ந்து, அங்கே கேள்வி கேட்டு, யூஸ்நெட்டே செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சேர்ந்ததும் இடுகைகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். போன வாரத்தில் இரண்டு மூன்று பேராவது ஒருவருக்கொருவர் பதில் எழுதியிருந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று பொருள். காம்ப்.லாங்.சி, சை.எலக்ட்ரானிக்ஸ்.டிசைன், ஆல்ட்.ஃபோக்லோர்.கம்ப்யூட்டர்ஸ் ஆகியவை பேச்சு ஓயாத குழுக்கள்.

ஒரு குழுவை முதலில் திறக்கும்போது 500-க்கு மேல் இடுகைகள் இருந்தால் எத்தனை தலைப்புகளை இறக்கலாம் என்று தண்டர்பேர்ட் கேட்கும். 500 போதும், மீதியை "படித்ததாகக் குறி" என்று விட்டுவிடலாம்.

படி 4: எழுதுவதற்கு முன்

ஒரு வாரமாவது வாசித்துக்கொண்டே இருங்கள். யார் யார் பொறுமையாக விளக்குகிறார்கள், எந்தக் கேள்வி ஏற்கெனவே அலசப்பட்டது என்பது பிடிபடும். சோதனை இடுகையை உங்களுக்குப் பிடித்த குழுவில் போடாதீர்கள், அதற்கென்றே மிஸ்க்.டெஸ்ட், ஆல்ட்.டெஸ்ட் இருக்கின்றன.

சோதனை இடுகை வந்து சேர்ந்ததும் அதைத் திறந்து கண்ட்ரோல்-யூ அழுத்துங்கள். முழுத் தலைப்புப்பகுதியும் தெரியும். பாத் வரியில் இடுகை எந்தெந்த சர்வர்களைக் கடந்தது என்று இருக்கும். என்என்டிபி-போஸ்டிங்-ஹோஸ்ட், இன்ஜெக்‌ஷன்-இன்ஃபோ வரிகளைக் கவனமாகப் பாருங்கள். சில சர்வர்கள் உங்கள் ஐபி முகவரியை அப்படியே அங்கே எழுதிவிடும், சில அதை உருமாற்றி எழுதும். உலகம் முழுவதும் காலத்துக்கும் நிற்கப்போகும் இடுகையில் என்ன வெளியாகிறது என்று முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

பதில் எழுதும்போது ஃபாலோஅப் பொத்தானை அழுத்த வேண்டும். ரிப்ளை என்பது எழுதியவரின் தனி மின்னஞ்சலுக்குப் போவது. மேற்கோளில் உங்கள் பதிலுக்குத் தேவையான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே எழுதுங்கள். ஒரு வரிக்குச் சுமார் 72 எழுத்து, கையொப்பம் நான்கு வரிக்குள். கையொப்பத்துக்கு மேல் தனி வரியில் இரண்டு சிறுகோடும் ஒரு இடைவெளியும் இருக்கட்டும். அந்த இடைவெளி விடுபட்டால் மற்றவர்களின் நியூஸ்ரீடர் கையொப்பத்தை அடையாளம் காணாது.

ஒரே கேள்வியை மூன்று குழுக்களில் தனித்தனியாகப் போடுவது பெரிய எரிச்சலைக் கிளப்பும். ஓர் இடத்தில் கிடைத்த பதில் மற்ற இடத்தில் தெரியாமல் போவதுதான் காரணம். கட்டாயம் பல குழுக்களுக்குப் போக வேண்டுமென்றால் ஒரே இடுகையின் நியூஸ்குரூப்ஸ் வரியில் எல்லாப் பெயரையும் காற்புள்ளியிட்டு எழுதி, ஃபாலோஅப்-டூ வரியில் ஒரே ஒரு குழுவைக் குறிப்பிடுங்கள். காம்ப்.கம்பைலர்ஸ் போன்ற மட்டுறுத்தப்படும் குழுக்களில் இடுகை உடனே தோன்றாது, மட்டுறுத்துநர் பார்த்த பிறகே வரும். காணோமே என்று இன்னொரு தடவை அனுப்ப வேண்டாம்.

எண்களில் வரும் பிழைகள்

சர்வர் சொல்லும் மூன்றிலக்க எண்ணைப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். 480 என்றால் உள்நுழைவு கேட்கிறது. படி 2-இல் சொன்ன பெட்டியைப் பாருங்கள். 481 வந்தால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறு. நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடத்தை முதலில் சந்தேகியுங்கள். 411, அந்தக் குழு அந்த சர்வரில் இல்லை. 430, அந்த இடுகை இல்லை. 441, உங்கள் இடுகையை ஏற்கவில்லை. கூடவே காரணத்தையும் ஒரு வரியில் சொல்லும், அதை வாசிக்காமல் மூடிவிடாதீர்கள். 502 அனுமதி மறுப்பு. கட்டணச் சேவைகளில் அனுமதித்த அளவுக்கு மேல் இணைப்புகளைத் திறந்தாலும் பல சமயம் இதுதான் வரும்.

இப்போது சந்தா

உரையாடல் மட்டும் போதுமென்றால் உங்கள் வேலை இங்கேயே முடிந்தது. இலவச சர்வர் தடைபட்டால் கைகொடுக்க, இன்டிவிஜுவல்.நெட் போல எழுத்துக் குழுக்களை மட்டும் தரும் கட்டண சர்வர் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெரிய சந்தாக்கள் எல்லாம் பைனரி குழுக்களுக்கானவை. எழுத்துக்காகப் பிறந்த அமைப்பில் கோப்புகளை அனுப்ப, அவற்றை எழுத்தாக மாற்றித் துண்டு துண்டாக இடுகிறார்கள். பழைய முறைகளில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும்; 2001-இல் வந்த ஒய்என்க் முறையில் சுமார் 2 சதவீதம்தான். எந்தத் துண்டுகள் எங்கே என்று மெசேஜ்-ஐடிகளோடு பட்டியலிடும் கோப்பு என்இசட்பி. சாப்என்இசட்பிடி போன்ற மென்பொருள் அதை வாசித்துத் துண்டுகளை எடுத்து ஒட்டும். சில துண்டுகள் காணாமல் போயிருந்தால் பார்2 கோப்புகள் கணக்குப்போட்டு மீட்டுத் தரும். பைனரி குழுக்களில் உரிமையாளர் அனுமதியின்றி ஏற்றப்பட்டவை நிறைய உண்டு. சந்தா கட்டியதால் அவற்றை இறக்கும் உரிமை வந்துவிடாது; கட்டற்ற மென்பொருள், பதிப்புரிமை இல்லாத படைப்புகள், உங்கள் சொந்தக் கோப்புகள் என்ற வரம்புக்குள் நில்லுங்கள்.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது ரிடென்ஷன், அதாவது இடுகையை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது. 5,000 நாள் என்றால் ஏறத்தாழ 13 ஆண்டு 8 மாதம். ஆனால் நாள்கணக்கு மட்டும் பேசாது. அந்தக் காலத்துக்குள் உள்ள இடுகைகளில் எத்தனை முழுதாக இருக்கின்றன என்ற கம்ப்ளீஷன்தான் பயன்பாட்டில் தெரியும். பதிப்புரிமைப் புகாரால் நீக்கப்பட்டவையும், இடம் போதாமல் கழிக்கப்பட்டவையும் நாள்கணக்கில் தெரியாது. சோதனைக் காலம் தரும் சேவையாகப் பார்த்து, உங்களுக்குத் தேவையான குழுவில் பழைய, நடுவாந்தர, புதிய இடுகைகளில் பத்துப் பத்தை எடுத்துத் திறந்து பாருங்கள். எத்தனை முறை 430 வருகிறது என்பதுதான் உண்மையான மதிப்பெண்.

அதைவிட முக்கியமானது பேக்போன், அதாவது இடுகைகளைச் சேமித்துவைக்கும் சர்வர்க் கூடம். கடைப்பெயர்கள் பல, சர்வர்க் கூடங்கள் சில. வேறு வேறு பெயரில் விற்கும் பலர் ஒரே கூடத்திலிருந்து எடுத்துத் தருபவர்கள். ஒரு சந்தாவில் இல்லாத இடுகைக்காக அதே பேக்போனில் உள்ள இன்னொன்றை வாங்கினால், அங்கேயும் அது இருக்காது, காசுதான் போகும். வாங்குமுன் அந்த நிறுவனம் எந்தப் பேக்போனில் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

கட்டண முறை இரண்டு. மாதச் சந்தாவில் அளவு வரம்பு இருக்காது, அல்லது பெரிதாக இருக்கும். பிளாக் கணக்கில் இத்தனை ஜிபி என்று ஒரே தடவை வாங்கி, தீரும்வரை பயன்படுத்தலாம். காலாவதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது தேவைப்படுபவருக்கு பிளாக்கே மேல். அதிகம் இறக்குபவர் ஒரு மாதச் சந்தாவோடு, வேறு பேக்போனில் சிறிய பிளாக் ஒன்றை வைத்து, மென்பொருளில் அதற்கு முன்னுரிமையைக் குறைத்துவிடலாம். முதல் சர்வரில் இல்லாத துண்டுக்கு மட்டும் பிளாக் செலவாகும்.

இணைப்புகளின் எண்ணிக்கைக்கு அதிகம் கொடுக்காதீர்கள். 8-இல் தொடங்கி நான்கு நான்காகக் கூட்டுங்கள்; வேகம் ஏறாத இடத்தில் நிறுத்துங்கள். அனுமதித்த அளவுக்கு மேல் திறந்தால் 502-தான் வரும். கூடவே ஒட்டிவரும் விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் சேவை) உங்கள் தேர்வைத் தீர்மானிக்க வேண்டாம். உங்களுக்கும் சர்வருக்கும் இடையே மறைக்க 563 போர்ட் போதும். அறிமுக விலைக்கும் புதுப்பிப்பு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாசித்துவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். எழுதவும் விரும்புபவர், இடுகையிட அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். வாசிக்க மட்டும் விடும் சர்வர் 200-க்குப் பதில் 201 என்று வரவேற்கும்.

சர்வர் மாறும்போது ஒரு தொல்லை காத்திருக்கிறது. எது படித்தது, எது படிக்காதது என்பதை நியூஸ்ரீடர் இடுகையின் வரிசை எண்ணை வைத்து நினைவில் கொள்கிறது. அந்த எண் சர்வருக்கு சர்வர் வேறு. மெசேஜ்-ஐடி மட்டுமே எங்கும் ஒன்று. பழைய கணக்கின் முகவரியை மட்டும் மாற்றினால் படித்ததெல்லாம் படிக்காததாகவும், புதியவை படித்ததாகவும் குழம்பிவிடும். புதிய சர்வருக்குத் தனிக் கணக்கு தொடங்கி, குழுக்களை மறுபடி சேர்த்து, எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டு, அடுத்து வரும் இடுகையிலிருந்து வாசியுங்கள்.