மரப் பராமரிப்புத் தொழிலுக்குக் காப்பீடு எடுப்பது எப்படி: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஏஜென்டுக்கு போன் போடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 12 மாதத்தில் உங்கள் ஆட்கள் என்னென்ன வேலை செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கவாத்து, முழு மரத்தையும் துண்டு துண்டாக இறக்குவது, அடிக்கட்டையை அரைத்து எடுப்பது, புயலில் சாய்ந்ததை அகற்றுவது, மருந்தடிப்பது, கிரேன் வைத்துத் தூக்குவது, மின்கம்பி ஓரமாகக் கிளை கழிப்பது, "இந்த மரம் நிற்குமா, விழுந்துவிடுமா" என்று பார்த்துச் சொல்வது, எல்லாமே. வருடத்துக்கு இரண்டே முறை செய்திருந்தாலும் எழுத வேண்டும். எத்தனை மீட்டர் வரை ஏறுகிறீர்கள், கயிற்றிலா, ஆளைக் கூடையில் நிற்க வைத்து உயர்த்தும் பக்கெட் லாரியிலா என்பதும் அதில் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விண்ணப்பப் படிவத்தில் "தொழிலின் தன்மை" என்று ஒரு கட்டம் வரும், நிறையப் பேர் அதில் "தோட்டப் பராமரிப்பு" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சில சமயம் ஏஜென்டே அப்படிப் போடச் சொல்வார், பிரீமியம் நன்றாகக் குறையும் என்பார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். புல் வெட்டுவதும் 20 மீட்டர் உயரத்தில் ரம்பத்தோடு தொங்குவதும் காப்பீட்டுக் கணக்கில் வேறு வேறு தொழில்கள். விபத்து நடந்ததும் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வருவார், அவர் கேட்கும் முதல் கேள்வியே அன்று என்ன வேலை நடந்தது என்பதுதான். படிவத்தில் இல்லாத வேலை என்று தெரிந்தால் கிளெய்ம் நிற்காது. காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையே, ஆபத்தைக் கூட்டும் எந்த விஷயத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும் என்பது. குறைந்த பிரீமியத்தை வருடக்கணக்காகக் கட்டிவிட்டு, தேவைப்படும் ஒரே நாளில் வெறுங்கையோடு நிற்பதைவிடக் கொடுமை இந்தத் தொழிலில் இல்லை.

படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தும் பாலிசிக்குள் உயர வரம்பு ஒளிந்திருக்கலாம். இத்தனை மீட்டருக்கு மேல் நடக்கும் வேலைக்குப் பொறுப்பில்லை என்று விலக்குகள் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கும். அதனால் எந்த பாலிசியையும் பின்னாலிருந்து படியுங்கள், முதலில் விலக்குகள், அப்புறம் நிபந்தனைகள், கடைசியாகத்தான் எதற்கெல்லாம் காப்பீடு உண்டு என்ற பக்கம். விளம்பரத் தாளை வைத்து முடிவு செய்யாமல் முழு வாசகத்தையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்தவருக்கு ஏற்படும் சேதம்

தேர்ட் பார்ட்டி லயபிலிட்டி என்று சொல்வது இதைத்தான். எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்று தீர்மானிக்க ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 50 சென்டிமீட்டர் விட்டம், 2 மீட்டர் நீளம் உள்ள ஒரு பச்சைத் துண்டு, மரத்தின் ரகத்தைப் பொறுத்து, 350 கிலோவைத் தொடும். தண்ணீர் ஏறிய பச்சை மரம் கிட்டத்தட்ட தண்ணீர் அளவுக்கே கனக்கும் என்பது ஏறுகிறவர்களுக்குத் தெரியும். அதைக் கயிற்றில் இறக்கும்போது ஒரு மீட்டர் தாராளமாக விழவிட்டுப் பிடித்தால் கயிற்றின் மேல் வரும் இழுப்பு அந்த எடையைப் போலப் பல மடங்கு. கப்பி பிடுங்கிக்கொண்டாலோ துண்டு ஊஞ்சலாக ஆடினாலோ, கீழே இருப்பது வேலியா, ஓட்டுக் கூரையா, சோலார் பலகையா, நடந்து போகிற ஆளா என்று அது பார்க்காது. ஆகவே நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தை வைத்துத் தொகையை முடிவு செய்யாமல், போகும் இடங்களிலேயே மிக ஆபத்தான இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூட வளாகத்தில் வருடத்துக்கு ஒரே ஒரு நாள் வேலை என்றாலும் அந்த நாளுக்குத் தகுந்த தொகை வேண்டும்.

பாலிசியில் இரண்டு வரம்புகள் எழுதியிருக்கும், ஒன்று ஒரு விபத்துக்கு எவ்வளவு, மற்றொன்று வருடம் முழுக்கச் சேர்த்து எவ்வளவு. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு புயலுக்குப் பிறகு ஒரே மாதத்தில் இரண்டு மூன்று கிளெய்ம் வந்தால் வருடத் தொகை கரைந்துவிடும், மீதி மாதங்களுக்கு மெல்லிய பாதுகாப்போடுதான் ஓட்ட வேண்டும். இதற்கு மேல் அடுக்காக ஒரு கூடுதல் பாலிசி எடுக்கலாம், அம்பிரெல்லா என்பார்கள். அடிப்படைத் தொகையை உயர்த்துவதைவிட அது மலிவாக வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தவறான மரத்தை வெட்டிவிட்டால்

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் தொழிலுக்கே உரிய பள்ளம் இது. வாடிக்கையாளர் மாலையில் வந்து விரல் நீட்டி, "அந்த ஓரத்தில் நிற்கிறதே, அதுதான்" என்கிறார். மறுநாள் காலையில் அவர் வீட்டில் இல்லை, வேலைக்கு வந்ததும் வேறு ஆட்கள். ஓரத்தில் நிற்பவை இரண்டு. வெட்டியது எல்லைக்கு அந்தப் பக்கம் வேரூன்றிய, பக்கத்து வீட்டாருடைய நாற்பது வருட மரம். இதற்குக் காப்பீடு வருமா?

பல பாலிசிகளில் வராது. லயபிலிட்டி பாலிசி என்பது பொதுவாக விபத்துக்கானது, எதிர்பாராமல் நடப்பதற்கானது. இங்கே ரம்பம் வழுக்கவில்லை, கிளை முறியவில்லை, வெட்ட வேண்டும் என்று முடிவு செய்துதான் வெட்டினீர்கள், மரம் மட்டும் மாறிவிட்டது. இதை விபத்தாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நிறுவனம் வாதாடும். போதாக்குறைக்கு, உங்கள் கைவசம் இருக்கும் பொருளுக்கோ நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளுக்கோ நேரும் சேதத்தை விலக்கும் வரியும் பெரும்பாலும் இருக்கும். சரியான மரமாகவே இருந்து, அளவுக்கு மீறிக் கவாத்து செய்ததால் அது பட்டுப்போனால் இந்த வரிதான் குறுக்கே வரும். எனவே ஏஜென்டிடம் நேரடியாகக் கேளுங்கள்: "தவறுதலாக வேறு மரத்தை வெட்டினால் பணம் உண்டா? நாங்கள் கவாத்து செய்த மரமே செத்துவிட்டால் உண்டா?" பதில் எழுத்தில் வர வேண்டும். மரத் தொழிலுக்கென்று தயாரித்த சில பாலிசிகளில் இதற்குத் தனி இணைப்பு, அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பிரிவு, கிடைக்கும், கூடுதல் பிரீமியம் இருந்தாலும் வாங்குவதற்குத் தகுதியானது.

பாலிசி எதுவாக இருந்தாலும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டிய மரத்தின் அடியில் பெயின்டால் ஒரு வளையம், அதன் பக்கத்தில் வாடிக்கையாளரை நிற்க வைத்து ஒரு போட்டோ, வேலை உத்தரவில் அவர் கையெழுத்து. வளையம் இல்லாத மரத்தில் ரம்பம் படக் கூடாது என்று ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து வரும் தொல்லையும் உண்டு. நீங்கள் கம்பி கட்டித் தாங்க வைத்த கிளை ஒரு காற்றில் பிய்ந்து காரின் மேல் விழுகிறது. முடித்துக் கொடுத்த வேலைக்கான பொறுப்பு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விபத்து நடந்த தேதியில் நடப்பில் இருந்த பாலிசி பணம் தருமா, அல்லது கிளெய்ம் வந்து சேரும் தேதியில் இருக்கும் பாலிசி தருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது வகையை வைத்திருந்து நிறுவனம் மாற்றினால் நடுவில் ஓட்டை விழும், பழைய வேலைகளுக்கான பின்தொடர் காப்பீடு தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

மரத்தைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் அது ஆலோசனை. "பயமில்லை" என்று எழுதிய மரம் விழுந்தால் சாதாரண லயபிலிட்டி கைவிரிக்கலாம், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு தனி. மருந்தடிப்பவர்களுக்கும் இதே கதைதான். களைக்கொல்லி காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்தைக் கருக்கினால், மாசு விலக்கு என்ற வரியைக் காட்டி ஒதுங்கிவிடுவார்கள், அதற்கும் இணைப்பு கேட்டு வாங்க வேண்டும். அடிக்கட்டை அரைக்கிறவர்கள் நிலத்தடிக் குழாய், கேபிள் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள்.

ஏறுகிறவர்களுக்கு

உங்கள் ஆள் கீழே விழுந்தால் தேர்ட் பார்ட்டி பாலிசி அவருக்கு உதவாது, அவர் மூன்றாம் நபர் இல்லை. ஊழியர் விபத்துக் காப்பீடு தனி, பல இடங்களில் சட்டப்படியே கட்டாயம். உயரத்திலிருந்து விழுவது, வெட்டிய துண்டு மேலே விழுவது, மின்சாரம், இந்த மூன்றும்தான் நம் ஆட்களின் உயிரை எடுப்பவை, அதனால் இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மற்ற எதையும் தள்ளிப் போடலாம், இதைப் போடாமல் ஒருவரை மரத்தில் ஏற்றுவது தப்பு.

தினக்கூலிக்கு வருபவர்களும் துணை ஒப்பந்தக்காரர்களும் இதில் அடங்குகிறார்களா என்று கேளுங்கள். துணை ஒப்பந்தக்காரர் தனியாகக் காப்பீடு வைத்திருப்பதாக வாயால் சொன்னால் போதாது, சான்றிதழை வாங்கிக் காலாவதித் தேதியைப் பாருங்கள். அவரிடம் இல்லையென்றால் அவருடைய ஆட்களின் பொறுப்பும் உங்கள் தலையில் வந்து விழலாம். இந்த பிரீமியம் பெரும்பாலும் மொத்தச் சம்பளத் தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, வருட முடிவில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மிச்சத்தைக் கேட்பார்கள். குறைத்துச் சொல்லித் தொடங்கினால் அப்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

அப்புறம் முதலாளியாகிய நீங்கள். சின்ன நிறுவனங்களில் முதலாளிதான் முதல் ஆளாக ஏறுவார், ஆனால் ஊழியர் காப்பீட்டில் பல சமயம் அவர் பெயரே இருக்காது. உங்களையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுங்கள், ஆறு மாதம் ஏற முடியாமல் படுத்தால் வீட்டுக்கு வருமானம் தரும் வகையாகப் பார்த்து. அந்தப் படிவத்திலும் "தொழிலதிபர்" என்று மட்டும் எழுதிவிடாமல் மரம் ஏறுகிறேன் என்று எழுதுங்கள்.

மின்கம்பிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. ஈரக் கிளை மின்சாரத்தைக் கடத்தும், உயர் அழுத்தக் கம்பியைத் தொடாமலே, நெருங்கினாலே மின்சாரம் தாவும். இத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பயிற்சிச் சான்று பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று பாலிசியில் நிபந்தனை இருந்தால், அதை மீறிய அன்று காப்பீடு இல்லாதது போலத்தான்.

வண்டியும் கருவியும்

லாரிக்கு எடுத்த பாலிசி லாரிக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் ரம்பங்களுக்கு இல்லை. எங்கள் ஆரம்ப நாட்களில் ஒரு இரவு லாரியின் பெட்டியிலிருந்து மூன்று செயின்சாக்களும், ஏறும்போது உடம்பில் கட்டிக்கொள்ளும் இரண்டு ஹார்னஸும் போயின. கருவிகளுக்குத் தனி பாலிசி இருந்தது, தைரியமாகப் போய் விண்ணப்பித்தோம். சர்வேயர் பெட்டியின் கொண்டியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உடைத்த அடையாளம் எங்கே என்று கேட்டார். இல்லை, அன்று பூட்டைக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள், அழுத்திப் பூட்டவில்லை. பலவந்தமாக உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும் என்று பாலிசியில் இருந்தது, ஒரு பைசா வரவில்லை. அன்றிலிருந்து பூட்டு மாட்டிய போட்டோ தினமும் குழுவுக்கு வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நீங்களும் இரவில் வண்டியில் இருக்கும் கருவிக்கு என்ன நிபந்தனை என்று படியுங்கள், ஒவ்வொரு இயந்திரத்தின் வரிசை எண்ணையும் ரசீதையும் போட்டோ எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். 100 மதிப்புள்ள கருவிகளை 50 என்று காட்டியிருந்து 40க்கு நஷ்டம் வந்தால், விகித விதி உள்ள பாலிசியில் 20தான் கைக்கு வரும். தேய்மானம் கழித்துத் தருவார்களா, புதிது வாங்கும் விலையைத் தருவார்களா என்பதும் முக்கியம், கிளைகளைச் சிறு துண்டுகளாக்கும், ஐந்து வருடம் உழைத்த சிப்பருக்கு இந்த ஒரு சொல்லில் பெரிய வித்தியாசம் வரும். அதே சிப்பர் லாரியின் பின்னால் இழுபட்டு ஓடும்போது எந்த பாலிசி, தளத்தில் நின்று ஓடும்போது எந்த பாலிசி என்றும் கேளுங்கள். வாடகை கிரேனுக்கு, ஒப்பந்தத்தில் சேதப் பொறுப்பு யாருக்கு என்று பாருங்கள். கொக்கியில் தொங்கும் மரத்துண்டு விழுந்தால் யார் பாலிசி என்பதையும் கிரேன் வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

விலை பேசும்போது

குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள், பழைய பாலிசி முடிய ஆறு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைத்ததை வாங்க வேண்டியதுதான். மூவருக்கும், தொடக்கத்தில் வேலைகளை எழுதிய அந்த ஒரே தாளைக் கொடுங்கள், அப்போதுதான் விலைகளை ஒப்பிட முடியும். மரம் ஏறும் தொழிலுக்கு இதுவரை எத்தனை பாலிசி போட்டிருக்கிறீர்கள், கிளெய்ம் வந்தபோது என்ன ஆனது என்று ஏஜென்டைக் கேளுங்கள். நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் பங்கை, அதாவது டிடக்டிபிளை, உயர்த்தினால் பிரீமியம் இறங்கும், ஆனால் கடன் வாங்காமல் அந்த வாரமே எடுத்து வைக்க முடிகிற தொகையைத் தாண்ட வேண்டாம்.

பயிற்சிச் சான்றுகள், கயிறு மற்றும் ஹார்னஸ் சோதித்த பதிவேடு, ஒவ்வொரு தளத்திலும் வேலைக்கு முன் எழுதும் ஆபத்துக் குறிப்பு, இவற்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விலை இறங்க வாய்ப்புண்டு, கிளெய்ம் நேரத்தில் உங்கள் பக்கம் பேசப்போவதும் இவைதான்.

பெரிய வாடிக்கையாளர்கள் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள், தங்கள் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் "எது நடந்தாலும் முழுப் பொறுப்பும் எங்களுடையது" என்று அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், ஏஜென்டிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள், அந்த வாக்குறுதிக்கு உங்கள் பாலிசி துணை நிற்காமல் போகலாம்.

பாலிசி வந்த பிறகு ஒரு நகலையும் நிறுவனத்தின் அவசர எண்ணையும் லாரியில் வையுங்கள். ஏதாவது நடந்தால் முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள், பிறகு போட்டோ, அன்றைக்கே தகவல். தாமதமே நிராகரிக்கக் காரணமாகிவிடும். யார் மேல் தப்பு என்று அந்த இடத்தில் நின்று எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நடு வருடத்தில் புது இயந்திரம் வாங்கினாலோ, இதுவரை செய்யாத வேலையைப் பிடித்தாலோ, வேலை தொடங்கும் முன்பே ஏஜென்டுக்கு எழுதி, சேர்த்துவிட்டோம் என்ற பதிலையும் கேட்டு வாங்குங்கள்.